பேச்சு நின்ற பிறகும் பாட்டு வருவது எப்படி?

கேள்வி: என் தந்தையாருக்கு வயது 64. அரிசி ஆலை ஒன்றில் நெடுங்காலம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் வாய் கோணிக்கொண்டு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். கை மட்டும் இன்னும் மடங்கியே இருக்கிறது. பேச்சு வரவில்லை. எதைக் கேட்டாலும் 'வந்து, வந்து' என்கிறார். என் பெயரைச் சொல்ல முயன்று, முடியாமல் அழுகிறார். ஆனால் வெள்ளிக்கிழமை பூசையில் அம்மா முருகன் பாட்டைத் தொடங்கினால் கூடவே சொல் பிசகாமல் பாடுகிறார். கோபம் வந்தால் பழைய வசைச்சொல் ஒன்று தெளிவாக வருகிறது. ஒன்று முதல் பத்து வரை வரிசையாகச் சொல்கிறார். கையில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்று கேட்டால் சொல்ல முடியவில்லை. இதைப் பார்த்துவிட்டு, பேச மனமில்லாமல் இருக்கிறார் என்கிறார் சித்தப்பா. புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் மற்றவர்கள். அவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே, நிலப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிடலாம் என்றும் பேச்சு நடக்கிறது. பாட முடிகிறவருக்குப் பேச ஏன் வரவில்லை? இடது மூளை கணக்குக்கு, வலது மூளை கலைக்கு என்கிறார்களே, அது உண்மையா? பழுதான பகுதியின் வேலையை வேறு பகுதி எடுத்துக்கொள்ளுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தந்தையாரை நேரில் சோதிக்காமல் முடிவாக எதையும் சொல்வது முறையாகாது. ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் ஒவ்வொன்றும் நரம்பியல் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒரு நிலையையே காட்டுகின்றன. அதற்கு அஃபேசியா, அதாவது பேச்சிழப்பு என்று பெயர். அவர் பிடிவாதமாகப் பேசாமல் இருக்கவில்லை என்பதை உங்கள் சித்தப்பாவிடம் தயங்காமல் சொல்லலாம். புத்தி பேதலிப்பதும் இதுவும் முற்றிலும் வேறு. சொல்லைக் கோத்து வெளியே அனுப்பும் ஏற்பாடு மூளையில் ஓர் இடத்தைச் சார்ந்திருக்கிறது; உறவினரை அடையாளம் காண்பதும், நேற்று நடந்ததை நினைவில் வைப்பதும், நல்லது கெட்டதை எடைபோடுவதும் பெரும்பாலும் வேறு இடங்களைச் சார்ந்திருக்கின்றன. முதலாவது பழுதுபட்டு மற்றவை நிற்பது நாங்கள் மருத்துவமனையில் அன்றாடம் காணும் ஒன்று.

வாய், வலது கை, பேச்சு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஏன் பாதிக்கப்பட்டன என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற விடைகளுக்கெல்லாம் வழி அங்கேதான் இருக்கிறது. உடலின் வலப்பாதியை அசைக்கும் நரம்பு இழைகள் மூளையின் இடப்பாதியில் புறப்பட்டு, முகுளம் எனப்படும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் பக்கம் மாறி, தண்டுவடத்தில் இறங்குகின்றன. எனவே இடப்பக்க மூளையில் அடைப்பு என்றால் வலப்பக்க உடல் தளர்கிறது. அந்த இழைகள் புறப்படும் இடம், மூளையின் முன்பகுதியான நெற்றிமடலின் பின்விளிம்பில், உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு நீண்ட பட்டை. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவையின்போது மெல்லிய மின்தூண்டலால் தொட்டுப் பார்த்து, இந்தப் பட்டையில் எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்பதை 1930களில் வரைந்து காட்டினார். கால் உச்சியில், இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கும் உள்மடிப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே உடம்பு, கை. எல்லாவற்றுக்கும் கீழே முகமும் நாக்கும். இதில் கைக்கும் முகத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் மிகப் பெரியது, ஏனென்றால் இடத்தின் அளவு உறுப்பின் பருமனைப் பொறுத்ததாக இல்லாமல், அதன் வேலையின் நுணுக்கத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

மூளையின் வெளிப்புறத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் தருவது நடுப் பெருமூளைத் தமனி என்ற குழாய். முகம், கை ஆகியவற்றின் இடங்களும், அவற்றை ஒட்டி முன்னால் இருக்கும் பேச்சுப் பகுதியும் இதே குழாயின் பாசனத்தில் இருக்கின்றன. தலைவாய்க்காலில் மண் சரிந்து அடைத்துக்கொண்டால், யார் வயல், என்ன பயிர் என்ற பேதமில்லாமல் அந்த வாய்க்காலை நம்பிய வயல்கள் எல்லாம் ஒன்றாகக் காய்வது போல, குழாய் அடைத்தவுடன் இம்மூன்றும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கின்றன. காலின் இடம் உள்மடிப்பில் இருப்பதால் அதற்கு ரத்தம் வருவது வேறொரு தமனி வழியாக. கைத்தடியுடனாவது அவர் நடக்கத் தொடங்கி, கை மட்டும் பின்தங்கியிருப்பதற்கு இது முக்கியமான காரணமாக இருக்கலாம். கையில் முயற்சி போதவில்லை என்று அவரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

இனிப் பேச்சு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தவர் 160 ஆண்டுகளுக்கு முன் பாரிசுக்கு அருகே இறந்த ஒரு நோயாளி. லெபோர்ன் என்பது அவர் பெயர். செருப்புத் தைப்பதற்கான மர அச்சுகளைச் செய்து பிழைத்தவர். இளமையிலிருந்தே வலிப்பு நோய் இருந்தது. 30 வயதளவில் பேச்சை இழந்து, பாரிசை ஒட்டியிருந்த பைசெத்ர் மருத்துவமனையில் சேர்ந்தார். என்ன கேட்டாலும் 'தான், தான்' என்ற ஒற்றை ஒலிதான் வரும். அங்கிருந்தவர்கள் அவரை 'தான்' என்றே அழைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து வலது கை தளர்ந்தது, பிறகு காலும். 1861 ஏப்ரலில் கால் அழுகிய நிலையில் அறுவைப் பிரிவுக்கு அவரைக் கொண்டுவந்தபோது பால் புரோக்கா என்ற மருத்துவர் அவரைச் சோதித்தார். எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, லெபோர்ன் தம் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு, ஒரு விரலை நீட்டினார். ஐந்து விரல் நான்கு முறை, அதோடு ஒன்று, 21 ஆண்டுகள். கணக்கு சரியாக இருந்தது. கடிகாரத்தைக் காட்டினால் நேரத்தையும் சரியாக உணர்த்தினார். தாம் சொல்ல வருவது எதிரில் இருப்பவருக்குப் புரியாதபோது கோபம் பொங்கி, ஒரு வசைமொழி மட்டும் முழுதாக வந்து விழுமாம்.

சில நாட்களில், ஏப்ரல் 17ஆம் நாள், லெபோர்ன் இறந்தார். புரோக்கா அவர் மூளையை எடுத்துப் பார்த்தபோது இடப்பக்க நெற்றிமடலின் கீழ்மடிப்பில் ஒரு குழிவு இருந்தது. அடுத்த நாளே அதைப் பாரிசின் மானிடவியல் கழகத்தில் காட்டினார். பின்னர் இதே போன்ற நோயாளிகளிடம் பழுது மறுபடி மறுபடி இடப்பக்கத்திலேயே இருக்கக் கண்டு, நாம் பேசுவது மூளையின் இடப்பாதியைக் கொண்டுதான் என்று 1865இல் எழுதினார். அந்த மடிப்பு இன்று புரோக்கா பகுதி என்று அழைக்கப்படுகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும் மொழி இடப்பக்கத்திலேயே அமைந்திருக்கிறது.

லெபோர்னின் 'தான்', உங்கள் தந்தையாரின் 'வந்து' இரண்டும் ஒரே வகை. மூளையில் சொல்லுக்கான வழி அடைபட்ட பின், ஏதோ ஒரு சிறு துணுக்கு மட்டும் தங்கிவிடுகிறது. எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வெளியே வருகிறது. அந்த ஒலி ஏறுவதிலும் இறங்குவதிலும் கேள்வி, மறுப்பு, மகிழ்ச்சி, அலுப்பு எல்லாம் ஒளிந்திருக்கும். உங்கள் வீட்டில் ஒரு நாள் அவர் சொல்லும் 'வந்து'களைச் சொல்லை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பாதி உரையாடல் புரிந்துவிடும்.

ஒரு மூளைப் பகுதிக்கு ஒரு வேலை என்று கட்டம் போட்டுப் பிரித்துவிட முடியாது என்பதையும் அதே லெபோர்ன்தான் காட்டினார். புரோக்கா அந்த மூளையை வெட்டிப் பார்க்காமல் பாதுகாத்து வைத்தார். 2007இல் அதை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் படம் எடுத்தபோது, பழுது மேற்பரப்பு மடிப்போடு நில்லாமல் ஆழத்தில், மூளைப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வெண்ணிற நரம்புக் கற்றைகள் வரை பரவியிருந்தது தெரியவந்தது. புரோக்கா பகுதி மட்டும் சிறிதளவு பழுதானவர்களில் பலருக்குச் சில வாரங்களில் பேச்சு திரும்பிவிடுகிறது. நீடித்த பேச்சிழப்பு வருவது அதைச் சுற்றியுள்ள இடங்களும் இணைப்புகளும் சேர்ந்து பாதிக்கப்படும்போதுதான். உங்கள் தந்தையாரின் ஸ்கேன் படத்தை அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துச் செல்லும்போது, பழுது எவ்வளவு ஆழம், எந்தெந்தப் பகுதிகளைத் தொட்டிருக்கிறது என்று கேளுங்கள். எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை அது ஓரளவு சொல்லும்.

பாட்டு எப்படி வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இதுவும் புதிதன்று. ஸ்வீடனைச் சேர்ந்த ஓலோஃப் டாலின் என்பவர் 1745இல் இதே நிலையிலிருந்த ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார்: நோயினால் பேச்சை இழந்த அந்த மனிதர், முன்பே மனப்பாடமாக இருந்த தேவாலயப் பாடல்களை மட்டும் தெளிவாகப் பாடினாராம். நாம் ஒரு கருத்தைச் சொல்ல விரும்பி, அதற்கேற்ற சொல்லைத் தேடி எடுத்து, உருபும் விகுதியும் சேர்த்து, வரிசைப்படுத்திப் பேசுவது ஒரு வேலை. பலமுறை சொல்லிச் சொல்லி ஒரே கட்டாக இறுகிப்போன பாட்டு, மந்திரம், எண் வரிசை, கிழமைகளின் பெயர், 'வாங்க, உட்காருங்க' என்ற உபசாரம், வசைச்சொல் போன்றவற்றை வெளியே விடுவது வேறொரு வேலை. இலண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். முதல் வேலை இடப்பாதியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. இரண்டாவதில் வலப்பாதியும், மூளையின் ஆழத்தில் பழக்கங்களை இயக்கும் நரம்புத் திரள்களும் பெரும்பங்கு கொள்கின்றன. மெட்டைப் பிடிப்பதிலும் வலப்பாதிக்கு முக்கியப் பங்குண்டு.

உங்கள் தந்தையார் ஒன்று முதல் பத்து வரை சொல்லியும் மாத்திரையின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாததன் காரணம் இதுவே. வரிசையாகச் சொல்லும்போது ஆறு என்பது ஏழைத் தானே இழுத்துக்கொண்டு வருகிறது. கையிலிருப்பதைப் பார்த்து 'மூன்று' என்று சொல்ல, அந்த ஒரு சொல்லைத் தனியே தேடி எடுக்க வேண்டும். அவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. வாயால் கேட்காமல், மூன்று விரலை நீட்டிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மாத்திரை அட்டையிலிருந்து இரண்டை எடுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஆலையில் கணக்கெழுதியவர் அவர். விரலால் அவர் தரும் விடை உங்களுக்கே வியப்பைத் தரலாம்.

இடது மூளை கணக்குக்கு, வலது மூளை கலைக்கு என்ற பேச்சைப் பொறுத்தவரை, அதில் ஒரு சிறு உண்மை பெரிதாக ஊதப்பட்டிருக்கிறது. இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வலிப்பு நோய்க்காகத் துண்டிக்கப்பட்டவர்களை ஆராய்ந்து, ஒவ்வொரு பாதிக்கும் தனித் திறமைகள் உண்டு என்பதைக் காட்டிய ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பைப் பிடித்துக்கொண்டு, மனிதர்களையே இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்று பிரித்து வகுப்பு நடத்தவும், குழந்தைகளுக்குப் பயிற்சி விற்கவும் தொடங்கிவிட்டார்கள். இணைப்பு முழுதாக இருக்கும் மூளையில் கணக்குப் போடும்போதும் கோலம் போடும்போதும் இரு பாதிகளும் சேர்ந்துதான் உழைக்கின்றன. இந்தப் பயிற்சிகளில் உங்கள் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வலப்பாதியின் உண்மையான மதிப்பு அது பழுதாகும்போது தெரியும். வலப்பக்கம், குறிப்பாக அதன் பின்மேல் பகுதி, அடைப்பினால் பாதிக்கப்பட்ட சிலரிடம் பேச்சு நன்றாக இருக்கும். ஆனால் இடப்பக்க உலகமே அவர்களுக்கு இல்லாமல் போய்விடும். இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினால் வலப்பக்கத்துச் சோறும் கறியும் முழுதாகத் தீர்ந்திருக்கும். இடப்பக்கத்து உப்பும் ஊறுகாயும் தொடாமல் கிடக்கும். இன்னும் வேண்டும் என்று கேட்பார்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் வேலைதான் நின்றுவிட்டது. சட்டையின் இடக்கையை மாட்ட மறப்பதும், முகத்தின் இடப்பாதியில் மழிக்காமல் விடுவதும் உண்டு. தம் இடக்கை தளர்ந்திருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதில் இதன் சாயல் எதுவும் தெரியவில்லை.

அவருக்கு நாம் பேசுவது எவ்வளவு புரிகிறது என்பது நீங்கள் கேட்காமல் விட்டிருந்தாலும், உங்கள் வீட்டில் நடக்கும் பேச்சுகளைப் பார்த்தால் மிக முக்கியமான கேள்வி. புரோக்காவுக்குப் பின், 1874இல், 26 வயதே ஆன கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் வேறு வகைப் பேச்சிழப்பை விளக்கினார். காதுக்குச் சற்று மேலே, பொட்டுமடலின் பின்பகுதியில் பழுது ஏற்பட்டவர்கள் தடையில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு பேசுகிறார்கள். ஆனால் பேச்சில் பொருளிருக்காது, இல்லாத சொற்கள் கலந்திருக்கும், பிறர் சொல்வதும் அவர்களுக்கு எட்டாது. கை கால் தளர்ச்சி அவ்வளவாக இல்லாமல் பேச்சு மட்டும் இப்படிக் குழம்பும்போது, பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றாமல், பேய் பிடித்ததாகவோ மனநோயாகவோ கருதி அங்கும் இங்கும் அழைத்துச் சென்று நாளைக் கழித்துவிடுகிறார்கள். உங்கள் தந்தையாருக்கு வந்திருப்பது இதுவன்று என்றே நினைக்கிறேன், ஏனென்றால் தம் பேச்சு வரவில்லை என்பது அவருக்குத் தெரிகிறது. அதனால்தான் உங்கள் பெயரைத் தேடி, கிடைக்காமல் அழுகிறார். வெர்னிக்கே வகையில் பலருக்குத் தம் பேச்சு குழம்பியிருப்பதே தெரிவதில்லை.

என்றாலும் புரோக்கா வகையிலும் புரிதல் முழுமையாகத் தப்புவதில்லை. அன்றாடப் பேச்சு விளங்கும். யார் யாருக்கு என்ன செய்தார் என்பது இலக்கணத்தை மட்டுமே நம்பியிருக்கும் நீண்ட வாக்கியம் தடுமாற வைக்கும். 'அண்ணனுக்குக் கொடுத்த பணத்தைத் தம்பியிடம் கேட்டது யார்?' என்பது போன்ற வாக்கியம் வேண்டாம். 'தம்பி வந்தான். பணம் கேட்டான்.' என்று இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள். ஆமாம், இல்லை என்ற இரண்டும் வாயில் மாறி வருவதும் உண்டு. வாய் 'இல்லை' என்று சொல்லத் தலை ஆமென்று அசைந்தால் தலையை நம்புங்கள். அதோடு கட்டைவிரலை மேலே காட்டினால் சம்மதம், கீழே காட்டினால் மறுப்பு என்று ஒரு வழக்கத்தை இடக்கைக்கு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எழுதிக் காட்டச் சொன்னால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வலக்கை தளர்ந்தது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, எழுத்தும் அதே மொழிப் பகுதிகளிலிருந்துதான் வரவேண்டும் என்பது. இடக்கையால் எழுத முயன்றாலும் பேச்சில் வரும் அதே தடுமாற்றம் எழுத்திலும் வரக்கூடும்.

கோபத்தையும் அழுகையையும் பற்றி ஒரு வார்த்தை. மனிதரின் குணமும் மூளையைச் சார்ந்ததே. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1848 செப்டம்பர் 13 அன்று ரயில்பாதைக்குப் பாறை வெடித்தபோது, ஃபினியஸ் கேஜ் என்ற மேற்பார்வையாளரின் கன்னத்தின் வழியே நுழைந்த இரும்புக் கம்பி, நெற்றிமடலைத் துளைத்துக்கொண்டு மண்டையின் உச்சி வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார், பேச்சும் தப்பியது. ஆனால் நிதானமும் பொறுப்பும் கொண்டிருந்த மனிதர், எடுத்தெறிந்து பேசுகிறவராக, எதிலும் நிலைகொள்ளாதவராக மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் எழுதிவைத்தார். நண்பர்கள் அவரைப் 'பழைய கேஜ் இல்லை' என்றார்கள். பிற்காலத்தில் சிலி நாட்டில் குதிரை வண்டி ஓட்டும் வேலையில் சில ஆண்டுகள் நிலைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். காலம் அவரை ஓரளவு சீராக்கியிருக்கிறது. உங்கள் தந்தையாரின் நிலை இதற்கு நேர் எதிராகத் தெரிகிறது. பேச்சு போயிருக்கிறது, மனிதர் அப்படியே இருக்கிறார். நாள் முழுவதும் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாத ஒருவருக்குக் கோபம் வருவது இயல்பு.

ஆனால் அழுகை நாள்தோறும் தொடர்ந்தால், சாப்பாட்டிலும் தூக்கத்திலும் நாட்டம் குறைந்தால், பயிற்சிக்கு ஒத்துழைக்க மறுத்தால், அதை விதியென்று விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. பேச முடியாதவரிடம் அது வெளியே தெரியாமல் போகும். மருந்து உண்டு, பலனும் தெரியும். காரணமேயில்லாமல் திடீரென்று அழுகையோ சிரிப்போ பீறிட்டு, சில நொடிகளில் அடங்கிவிடுமானால் அது வேறு வகை. உணர்ச்சியை வெளிக்காட்டும் நரம்புப் பாதையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது. இரண்டில் எது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

வேறு பகுதி வேலையை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவு எடுத்துக்கொள்ளும். இறந்த நரம்புச் செல்கள் திரும்பி வருவதில்லை. ஆனால் பழுதின் விளிம்பில், வீக்கத்தால் செயலற்றுக் கிடந்த பகுதிகள் முதல் வாரங்களில் விழித்துக்கொள்கின்றன. பிறகு, தொடர்ந்த பயிற்சியினால் பழுதைச் சுற்றியுள்ள இடப்பக்கப் பகுதிகள் புது இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. பழுது மிகப் பெரிதாக இருந்தால் வலப்பாதியும் உதவிக்கு வருகிறது. முன்னேற்றம் வேகமாக இருப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில். நீங்கள் இப்போது நான்காம் மாதத்தில் இருக்கிறீர்கள். ஆறு மாதம் தாண்டினால் கதவு மூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்டுகள் கழித்தும் சொற்கள் கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த மாதங்களை வீணாக்கக் கூடாது. கைக்கும் காலுக்கும் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகும் குடும்பங்கள், பேச்சை மட்டும் 'தானாக வரும்' என்று விட்டுவிடுவதை நான் மிகுந்த வருத்தத்துடன் பார்த்து வருகிறேன். உங்கள் கடிதத்திலும் பேச்சுப் பயிற்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

அங்கே அவரது பாட்டைக் குறிப்பிட்டுச் சொல்ல மறக்காதீர்கள். பாட்டு தங்கியிருக்கும் நோயாளிகளுக்கென்றே, சொற்றொடரை ராகமாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிக்கொண்டு சொல்லப் பழக்கும் ஒரு முறையை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் உருவாக்கினார்கள். முருகன் பாட்டை நூறு முறை பாடினாலும் அதிலிருந்து 'தண்ணீர் வேண்டும்' என்ற வாக்கியம் தானாகக் கிளம்பி வந்துவிடாது. அவருக்கு அன்றாடம் தேவைப்படும் சொற்களை எடுத்து, அவற்றையே இரண்டு சுரத்தில், ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு வீதம், உங்களோடு சேர்ந்து சொல்ல வைக்க வேண்டும். 'தண்-ணீர்', 'டீ-வேணும்', 'வெளி-யே-போ-லாம்' என்று தொடங்கலாம். நீங்கள் பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டால் அவர் முடிக்கட்டும். பிறகு ராகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பேச்சாக மாற்றுவார்கள். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. புரிதல் நன்றாக இருந்து, சொல் வெளிவருவது மட்டும் தடைபட்டவர்களிடம் வாய்ப்பு அதிகம்.

வீட்டில் மற்றவர்கள் செய்யக்கூடியது, முதலில் அவரிடம் உரக்கக் கத்துவதை நிறுத்துவது. காது கேட்காமல் போகவில்லை. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேரே அமர்ந்து, சிறு வாக்கியங்களில், பெரியவரிடம் பேசும் மரியாதையோடு பேசுங்கள். கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். அவர் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் சொல்லை எடுத்துக் கொடுத்தால் தேடல் நின்றுவிடுகிறது. சோறா, இட்லியா என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். குடும்பத்தினரின் படங்கள், மருந்து, கழிவறை, வலி, கடிகாரம் ஆகிய படங்களை ஒரு நோட்டில் ஒட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வெள்ளைத் தாளில் எண்களைப் பெரிதாக எழுதி வைத்தால் விலையையும் தேதியையும் தொட்டுக் காட்டுவார். உங்கள் படத்தை அதில் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். பெயர் வரும்வரை விரல் வைத்துக் காட்டினால் போதும்.

நிலப் பத்திர விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்கிறேன். பேச முடியாதவர் என்பதால் ஒன்றும் புரியாதவர் என்று வைத்துக்கொண்டு கைநாட்டு வாங்குவது பெரும் தவறு. புரியவில்லை என்று நீங்களே நம்பினால், புரியாதவரிடம் வாங்கிய கைநாட்டுக்கு என்ன மதிப்பு? அவசரமில்லை என்றால் சில மாதங்கள் தள்ளிவையுங்கள். தவிர்க்க முடியாது என்றால், நரம்பியல் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து அவரது புரிதலைச் சோதித்து எழுதித் தரட்டும். சோதனை எப்படி நடக்கும் என்று கேட்டால்: எந்த நிலம், யாருக்கு, எவ்வளவு என்பதைப் படமும் எண்ணும் வைத்து விளக்கி, ஒரே கேள்வியை நேராகவும் மாற்றியும் வெவ்வேறு நாட்களில் கேட்பார்கள். 'தம்பிக்கா?' என்றால் மேலே, 'மகளுக்கா?' என்றால் கீழே என்று விரல் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் காட்டினால் அது அவருடைய முடிவு. புரோக்கா லெபோர்னிடம் ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கேட்டபோதும், தற்செயலாகச் சொன்னதாக இருக்கக்கூடாதே என்று அடுத்தடுத்த நாட்களில் அதையே மறுபடி கேட்டுப் பார்த்தார். அந்தச் சோதனைக்குப் பின் சட்டப்படி என்ன செய்வது என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். உங்கள் தந்தையார் எதிரிலேயே அமர்ந்து, அவர் இல்லாதது போல இந்தப் பேச்சை நடத்துவதையாவது இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. ஒரு முறை அடைப்பு வந்தவருக்கு மறுபடியும் வரும் அபாயம் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றுக்கான மருந்தையும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். இதயத் துடிப்பு ஒழுங்கற்று இருக்கிறதா என்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள், ஏனெனில் மூளைக்குப் போய் அடைக்கும் ரத்தக் கட்டி சில சமயம் இதயத்திலிருந்து கிளம்புகிறது. அதற்குத் தரும் மருந்து வேறு. புகையிலை எந்த உருவிலும் வேண்டாம். புதிதாக முகம் கோணுவது, இடக்கையோ காலோ தளர்வது, பார்வை மங்குவது, இருக்கும் கொஞ்சப் பேச்சும் திடீரென நிற்பது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காமல், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு, உடனே 108க்கு அழைத்து, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், முன்பே போட்டால் பலன் இன்னும் அதிகம். ஆனால் பேச வராதவர் 'எனக்கு என்னவோ செய்கிறது' என்று சொல்ல மாட்டார். ஆகவே இரவில் அவர் பக்கத்தில் யாராவது ஒருவர் படுத்திருக்கட்டும், தட்டி அழைக்க அவருடைய இடக்கைக்கு எட்டும் இடத்தில் ஒரு மணியையும் வைத்துவிடுங்கள்.